பதினேழாவது வழி

பிடரிமலையில் இல்லாத வழி ஒன்று முளைத்த அன்று காலை சேந்தன்கோம்பையில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. பால் வேன் வழக்கம்போல் பிந்தி வந்தது, பஸ் ஸ்டாண்டுக் குழாயில் வழக்கம்போல் தண்ணீர் வரவில்லை, டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் முதுகுக்குப் பின்னால் மலையில் நடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை, ஆடு பத்திக்கொண்டு போன பெண் ஒருத்திதான் திரும்பி வந்து, வழுக்குப்பாறையில் அடியிலிருந்து ஒரு வெடிப்பு ஏறிப் போகிறது, பாதி உசரத்தில் இச்சிமரம் ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது, நேற்றுச் சாயங்காலம் அது அங்கே கிடையாது என்று சொல்லி, டீயை ஊதிக் குடித்துவிட்டு ஆட்டைத் தேடிப் போய்விட்டாள்.

தள்ளுவண்டியில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சங்கரேஸ்வரி அதைக் கேட்டாள். கேட்டவள் பையை அப்படியே வண்டியில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள், ஏனென்றால் அந்த மரத்தை அங்கே தலைகீழாக வைத்தது அவள்தான்.

பிடரிமலைக்குப் பாதை கிடையாது. மேய்ச்சலுக்குத் தலை குனிந்த காளையின் பிடரியைப் போல ஊருக்கு மேற்கே எழும்பி நிற்கிற மொட்டைப் பாறை அது. அதில் நடந்து போக முடியாது, கயிறு கட்டித் தொங்குகிற அளவுக்குச் செங்குத்தும் இல்லை, இரண்டுக்கும் நடுவே கையும் காலும் முழங்காலும் சில இடத்தில் தாடையும் கொடுத்துத் தொற்றித் தொற்றித்தான் ஏற வேண்டும். அப்படித் தொற்றி ஏறுவதற்கென்றே சனிக்கிழமை ஆனால் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விலை உயர்ந்த ஷூ மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களில் சிலர் பாதியில் ஒட்டிக்கொண்டு அம்மா என்று அழுதார்கள், ஒருவர் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார், அதற்குப் பிறகுதான் சங்கரேஸ்வரியும் அவள் புருஷன் தவசியும் வழிப்புத்தகம் போட ஆரம்பித்தார்கள். தவசி ஏறுவான், இறங்கி வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, ஏறியதைக் காற்றில் கையால் தடவித் தடவிச் சொல்லுவான், சங்கரேஸ்வரி எழுதுவாள். அவளுக்கு மொட்டைமாடியில் துணி காயப்போடுவதற்கே தலை சுற்றும். ஆனால் அவள் எழுதியதைப் படித்தால் படிக்கிறவன் உள்ளங்கை வேர்த்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்றால் சும்மா வழி, ஒரு கை தேவைப்பட்டால் ஒத்தக்கை வழி, அப்புறம் ரெட்டக்கை வழி, எல்லாவற்றுக்கும் மேலே வயிறு ஒட்டி ஏற வேண்டிய வயித்து வழி என்று வழிகளுக்குத் தரம் பிரித்து, எந்த இடத்தில் இடது முழங்கை உரசும், எந்தப் பிடி நம்பலாம்போல் இருந்து ஏமாற்றும், எங்கே வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதுவரைக்கும் பதினாறு வழிகள். அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. தவசி ஏறாத வழியை சங்கரேஸ்வரி எழுதக் கூடாது.

முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தபோது நகரத்துப் பதிப்பகம் ஒன்று அதை அப்படியே வரி மாறாமல் வழுவழு அட்டையில் போட்டு விற்றது. மூன்றாம் வழி தொடங்குகிற இடத்தில் உள்ள வீட்டு நாய் கடிக்காது என்று சங்கரேஸ்வரி எழுதியிருந்தாள். அந்த நாய் செத்து வருஷமாகியிருந்தது, செத்த நாயையும் சேர்த்துத் திருடியிருந்தார்கள்.

"இந்தத் தடவை இல்லாத வழி ஒண்ணு வைக்கிறேன் மாமா. அதயும் எடுத்துப் போட்டான்னா கையும் களவுமா புடிச்சிரலாம்," என்றாள்.

"ஏறாத வழியப் போட்டா நாளைக்கு ஒருத்தன் ஏறுவான் ஈசு."

"இல்லாத வழியில எவன் ஏறுவான்?"

"இல்லைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கேட்கவில்லை. உடும்பும் வழுக்கி விழுகிற வழுக்குப்பாறையைத் தேர்ந்தெடுத்தாள், அங்கே ஒரு வெடிப்பைக் கீறினாள், இச்சிமரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள், திருடனுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று ஏறின வழிகளை எழுதியதைவிடப் பல மடங்கு கவனமாக, விரல் நுழைகிற அளவும் விரல் மாட்டிக்கொள்கிற அளவும் சொல்லி எழுதினாள். இந்த வழியில் கயிறு உதவாது என்று பயமுறுத்த ஒரு வரி. மேலே போனால் ஒரு திட்டு, இருவர் காலை நீட்டி உட்காரலாம், கைக்கெட்டும் தூரத்தில் கோடையிலும் வற்றாத சுனை என்று ஆசை காட்ட ஒரு வரி. அந்த இடத்தில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. யாரும் ஏறப்போகாத வழிதானே என்று பேனாவை மூடிவிட்டுப் போனாள். மற்றப் பதினாறு வழிகளின் முடிவிலும் தவறாமல் எழுதுகிற, வந்த வழியே இறங்கலாம் என்ற வரியை அவள் அங்கே எழுதவில்லை.

புத்தகம் ராசாங்கத்தின் அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வெளியே வந்தது. மறுநாள் காலையில் மலையில் வழி இருந்தது.

தவசி வாசலில் நின்று வெகுநேரம் மலையைப் பார்த்தான். கோபப்படவில்லை. உள்ளே வந்து கால் கழுவினான், ஏறப் போகும்போது கழுவுகிற மாதிரி விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான்.

"வேணாம் மாமா. வித்த புஸ்தகத்தையெல்லாம் திருப்பி வாங்கிருவோம்."

"நாளைக்குச் சனிக்கிழமை புள்ள. புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்துருவானுங்க. நம்ம சொன்னோம்னு ஒருத்தன் ஏறி என்னமும் ஆச்சுன்னா என்ன பண்ணுவ?" துண்டால் காலைத் துடைத்தான். "நான் ஏறிட்டா சரியாப் போயிரும். ஏறின வழியாயிரும்."

போய் ஏறினான். சங்கரேஸ்வரி கீழே நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள், அவன்தான் மேலிருந்து கூவிக்கூவிச் சொன்னான், வெடிப்பு அவள் சொன்ன இடத்தில் இருக்கிறது, விரல் அவள் சொன்ன அளவுக்கு நுழைகிறது, மரத்து வேர் அவள் சொன்ன மாதிரியே ஈரமாக இருக்கிறது, யாத்தே, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வழியில் நான் ஏறினதே இல்லையே என்று கூவினான். திட்டுக்குப் போனான். காலை நீட்டி உட்கார்ந்தான். சுனையில் அள்ளிக் குடித்தான். பிறகு இறங்கலாமென்று திரும்பிக் குப்புறப் படுத்துக் காலைக் கீழே விட்டுத் துழாவினபோது, ஏறும்போது இருந்த பிடிகளில் ஒன்றுகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது பாறை.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பதினொன்றாம் வழியில் உச்சிக்குப் போய் அங்கிருந்து கயிற்றை இறக்கினார்கள், கயிறு தவசியின் தலைக்கு மேலே ஓராள் உயரத்தில் முடிந்துபோனது. இன்னொரு கயிற்றை முடிந்தார்கள், அப்போதும் ஓராள் உயரம். கிணற்றுக் கயிறும் லாரிக் கயிறும் முடிந்தார்கள், கோயிலிலிருந்து தேர்வடத்தைச் சுமந்துகொண்டு போய்க் கடைசியில் முடிந்தார்கள், எவ்வளவு முடிந்தாலும் கயிற்று நுனி அதே ஓராள் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கயிறு உதவவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது தேர்வடத்தை ஒழுங்காகச் சுருட்டி வைக்கச் சொன்னார்.

பட்டினி கிடக்க விட முடியாதல்லவா. கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ குபேந்திரன், மாப்பிள்ளை மேல் பூத்தூவுகிற தன் ட்ரோனில் இட்லிப் பொட்டலத்தைக் கட்டி மேலே அனுப்பினான். முதல் நாள் சட்னி கொட்டிவிட்டது. அடுத்த நாளிலிருந்து சட்னியைக் கெட்டியாக அரைத்தார்கள். பிறகு போர்வை போனது, போன் போனது, போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி போனது, சவரக் கத்தி போனது. இப்படியாகத் தவசி மேலே குடியிருக்கத் தொடங்கினான், ஊர் கீழே அதற்குப் பழகத் தொடங்கியது. குழந்தைகளுக்கு அவனைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். அவன் காலையில் துணி உதறுவதைப் பார்த்துக் கடை திறந்தார்கள். கண்டக்டர்கள் மலை தெரிகிற வளைவு வந்ததும், தவசியப் பாத்தவங்கல்லாம் உக்காருங்க, பாக்காதவங்க இடப்பக்கம் வாங்க என்று சத்தம் போட்டார்கள். ரேஷன் கடையில் விரல்ரேகை இல்லாமல் அவன் பங்குச் சர்க்கரையைத் தருவதா வேண்டாமா என்று ரெண்டு நாள் வாக்குவாதம் நடந்து, ஆள் கண்ணுக்கு நேரே தெரிகிறானே, இதற்கு மேல் என்ன ரேகை என்று முடிவானது. திட்டு எந்த வார்டில் சேரும் என்று கூட்டம் போட்டார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். குபேந்திரன் போன் போட்டு, அண்ணே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் கைய ஆட்டுங்கண்ணே என்று சொல்ல, தவசியும் பாவம் தள்ளி நின்று கையை ஆட்டினான்.

புத்தகத்தில் எழுதியதுதான் மலையில் வந்தது என்பது ஊருக்குத் தெரிந்ததும் சங்கரேஸ்வரி வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது. ஒருவர் சுனையைத் தன் தோட்டத்துப் பக்கமாகத் தள்ளி எழுதச் சொன்னார். கோயில் ஆட்கள் இரண்டாம் வழியில் ஒரு குகையும் அதில் ஒரு தானாய் முளைத்த லிங்கமும் கேட்டார்கள். மிளகாய் வத்தல் வியாபாரி ஒருத்தர் வந்து, வேற ஒண்ணும் வேணாம் தாயி, உச்சிய ஒரு சாண் மழிச்சு விட்டாப் போதும், சாயங்கால வெயிலு களத்துல இன்னும் கொஞ்சம் நிக்கும் என்றார்.

"எம் புருஷன் கீழ இறங்கணும்யா," என்றாள் சங்கரேஸ்வரி.

"அதயும் எழுதுத்தா. யாரு வேணாம்ன்னா? அதோட சேத்து இது ஒரு வரி."

எழுதாமலா இருந்தாள்? எழுதினாள், பகலெல்லாம் எழுதினாள், எழுதியதைத் தூக்கிக்கொண்டு ராசாங்கத்தின் அச்சகத்துக்கு ஓடினாள், பிழைதிருத்தச் சீட்டாக அடித்துப் புத்தகத்துக்குப் புத்தகம் ஒட்டினாள். முதலில் விட்டுப்போன வரியை, வந்த வழியே இறங்கலாம் என்று எழுதினாள். திட்டிலிருந்து அகலமான படிக்கட்டு இறங்குகிறது, இருபுறமும் கைப்பிடிச் சுவர் உண்டு என்று எழுதினாள். விடிந்து பார்த்தால் பாறை பாறையாக இருந்தது. இரும்பு ஏணி என்று எழுதினாள். குழந்தையும் உட்கார்ந்து சறுக்கி வரலாம், அப்படி ஒரு மெல்லிய சரிவு என்று எழுதினாள். ராசாங்கம் அச்சுக்கோர்த்த காலத்திலிருந்தே அந்தத் தொழிலில் இருப்பவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் படித்தார், ஒவ்வொரு தடவையும் ஒன்றும் சொல்லாமல் மெஷினைப் போட்டார். குகையும் வரவில்லை, லிங்கமும் வரவில்லை, உச்சியும் சாணளவு குறையவில்லை. கொஞ்ச நாளில் கேட்க வந்தவர்கள் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். சங்கரேஸ்வரி நிற்கவில்லை, அவளால் எப்படி நிற்க முடியும்.

தவசியின் அம்மா ஒச்சம்மா வீட்டுக்குள் வருவதும் போவதுமாக இருந்தாள். மகனுக்கு இட்லிக்கு மாவாட்டுவது அவள்தான்.

"எழுதி ஏத்தத் தெரிஞ்சவளுக்கு எழுதி இறக்கத் தெரியலையாக்கும்."

"அத்த, நானும்..."

"பன்னண்டாப்பு படிச்ச மருமக வர்றான்னு தெருவெல்லாம் பாக்கு வச்சேன். எங்களுக்கெல்லாம் கையெழுத்தே கோணல், எங்க புருஷனுங்க யாரும் மலையில தொங்கல." சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றி மருமகள் முன்னால் நகர்த்தி வைப்பாள். "தின்னு. தின்னுட்டு எழுது."

ஐப்பசி பிறக்கப் போகிற சமயத்தில், ராசாங்கம் ஒரு புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடி வந்தார். "மாட்டிக்கிட்டான் தாயி, மாட்டிக்கிட்டான்! பதினேழாம் வழியப் போட்டிருக்கான் பாரு!" அதே வழுவழு அட்டை. வைத்த பொறியில் எலி விழுந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டி உரக்கப் படிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை அப்படியே அடிக்காமல், இடம் மிச்சம் பண்ணச் சுருக்கியிருந்தார்கள். வெடிப்பு ஒரு வரி. மரம் ஒரு வரி. "மேலே சிறு திட்டு, ஒருவர் நிற்கலாம்," என்று படித்தவர் நிறுத்தினார். சுனையைக் காணோம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் அப்புறம்தான் வந்து சேர்ந்தது. திட்டின் விளிம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது, அதோடு போர்வையும் போனும் சட்டியும் சார்ஜர்ப் பெட்டியும் பறந்து விழுந்தன, தூசி அடங்கினபோது தவசி முதுகைப் பாறையில் ஒட்டிக் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தான், அவன் கால்விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அன்று மதியமே ராசாங்கம், இருவர் உட்காரலாம், இருவர் உட்காரலாம் என்று தாள் தாளாக அடித்தார். உடைந்து விழுந்த கல் எந்த அச்சுக்கும் திரும்பி மேலே ஏறவில்லை. டீக்கடை பெஞ்சுகளை யாரோ மலையைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள், போட்டார்களே தவிர ஒருவரும் அதில் உட்காரவில்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் வழுக்குப்பாறை முழுக்க ஒரே வெள்ளமாகத் தண்ணீர் வழியும். அதில் எறும்பும் நிற்காது.

குபேந்திரன் காற்றோடு மல்லுக்கட்டி இன்னொரு போனை மேலே அனுப்பினான். தவசி அதைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"ஈசு, கால் மரத்துப் போச்சு."

"எழுதுறேன் மாமா. இதோ எழுதிட்டே இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள..."

"நீ எழுதினதெல்லாம் குபேந்திரன் படிச்சுக் காட்டினான். படிக்கட்டு, கைப்பிடி, சறுக்கு." அவன் மூச்சு வாங்கினான். "பார்க்குல விளையாடுற மாதிரில்ல எழுதி வச்சிருக்க. இது மலை புள்ள."

"நீங்க அங்க நிக்கும்போது நான் வேற எப்படி எழுதுவேன்?"

"அதான். பதினேழாவத எழுதுறப்ப நான் அதுல இல்ல. எவனோ ஒரு திருடன்தான் இருந்தான், விழுந்தா விழட்டும்னு எழுதுன, அத்தனையும் மெய்யா வந்து நின்னுச்சு. அந்தத் திருடன் இப்ப ஒருவர் நிற்கலாம்னு போட்டான், வந்துருச்சு. அவனுக்கு நான் யாரு? நீ மட்டும் வரிக்கு வரி எனக்குக் கீழ மெத்தைய விரிச்சுட்டே வர்ற."

அவள் அழுதாள். அவன் கொஞ்சநேரம் அழ விட்டான்.

"என்னைய இறக்காத. வழிய எழுது. விழுற இடத்த விழுற இடம்னு எழுது."

போனைக் குபேந்திரனிடம் கொடுத்துவிட்டு சங்கரேஸ்வரி அச்சகத்துக்குள்ளே போய் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வழுக்குப்பாறையை மனசுக்குள் கொண்டுவந்தாள், அதில் யாரும் இல்லை என்று வைத்துக்கொண்டாள், யாரும் இல்லை, யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே மேலிருந்து கீழே கண்ணால் இறங்கினாள். இடப்பக்கம் ஒரு வரப்பு, கட்டை விரல் மட்டும் ஊன்றலாம். அங்கிருந்து காலை மாற்ற வேண்டும். மாற்றத் தயங்கினால் நடுக்கம் வரும், நடுக்கம் வந்தால் நிற்க முடியாது. அடுத்து ஒரு பொந்து, கையை விடலாம், உள்ளே தேள் இருக்கலாம். எழுத எழுதக் கை ஈரமானது. அவளுக்கே தெரிந்தது, இது வருகிறது, இது மெய்யாகவே வருகிறது. பாதி வழியில் பாறை வயிறு தள்ளி வெளியே வருகிற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் மேலிருந்து இறங்குகிறவனுக்குத் தன் கால் எங்கே போகிறது என்று தெரியாது, வயிறு மறைக்கும். அங்கே ஒரு கொம்பை நீட்டிவிடலாமா என்று பார்த்தாள். ஒரு வேர்? எழுதி அடித்தாள். அந்த வயிற்றைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிடலாமா, விழுந்தாலும் கால்தானே ஒடியும்? எழுதி அதையும் அடித்தாள். கடைசியில் இருக்கிற இடத்தில் இருக்கிறபடி அதை எழுதினாள்: வயித்து வழி. தனியாள் இறங்க முடியாது. கீழே ஒருவர் நின்று, இறங்குகிறவர் காலை வாங்கிப் பிடியில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

தரைவரைக்கும் அவள் எழுதி முடித்ததை ராசாங்கம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். வாசலில் நின்ற கூட்டம் கேட்டது. படித்து முடித்தவர், "இது பலிக்கும் தாயி," என்றார், சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை.

"எவன் நிப்பான் கீழ?" என்றாள் ஒச்சம்மா.

வருஷமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்று, நான் அஞ்சாம் வழியை அரைமணியில் ஏறினவன் என்று மார்தட்டுகிறவர்கள் ரெண்டு மூன்று பேர் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். இன்னொருவர், ஏற்கெனவே ஏறின வழின்னா பரவால்ல, இது இன்னும் மலையிலயே வரலையே, வந்தாலும் பாதியில நின்னா என்று இழுத்தார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஒருத்தன் ஏறிப் படுகிற பாட்டைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

"மெஷினப் போடுங்கண்ணே," என்றாள் சங்கரேஸ்வரி. "எழுதினவ நிக்கிறேன்."

"உனக்கு மாடிப்படி ஏறினாலே மயக்கம் வருமேடி," என்றாள் ஒச்சம்மா. பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குப் போய் மகனின் கால்சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். "இதப் போட்டுக்க. சேலை தடுக்கும்." இடுப்பில் நிற்காத அதைத் தன் கையாலேயே நாடாவால் இறுக்கிக் கட்டினாள், கட்டி முடித்த பிறகும் முடிச்சை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மை காயுமுன்னே வழி வந்துவிட்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்குப்பாறையின் தோலில் கோடு இறங்கியது, வரப்பு புடைத்தது, பொந்து திறந்தது, நடு உயரத்தில் பாறை மெதுவாக, மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி, வயிற்றை வெளியே தள்ளியது. முதல் தூறல் விழுந்தது.

அவள் ஏறினாள். இறங்குவதற்கு எழுதிய வழியில் கீழிருந்து ஏறியதால் ஒவ்வொரு வரியும் கடைசியிலிருந்து முதலுக்கு வந்தது. கீழே பார்க்காதே என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் தன் முகத்துக்கு நேரே உள்ள பாறையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை, வாய் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது, இடது கை பக்கவாட்டில், பக்கவாட்டில், வலது முழங்காலை ஊன்றாதே, ஊன்றினால் வழுக்கும், இடது கை பக்கவாட்டில். முழங்காலை ஊன்றினாள், வழுக்கியது, நகம் பிய்ந்தது, தொங்கினாள், மீண்டும் தொற்றினாள். எழுதும்போது ஒரு வரியில் போன இடத்தில் ஒரு யுகம் கிடந்தது. தவசி இத்தனை வருஷம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சொன்னதெல்லாம் பாதிதான் என்று அவளுக்குப் புரிந்தது. மீதியை அவளைப் பயமுறுத்த வேண்டாமென்று அவன் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தான்.

வயிற்றுக்குக் கீழே ஒரு மூலை இருந்தது. அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். தலைக்கு மேலே பாறை வானத்தை மறைத்தது. ஈரம் சொட்டியது.

"மாமா!"

"வந்துட்டேன் புள்ள." குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. குபேந்திரன் போனில் படித்துக் காட்டியதை வைத்து, அவளுக்கு முந்தியே அவன் வரப்பைத் தாண்டி, பொந்தைத் தாண்டி, வயிற்றின் மேல்விளிம்புக்கு வந்திருந்தான். கல்துகள் அவள் நெற்றியில் விழுந்தது. பிறகு ஒரு கால் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது, வெறும் கால், வெடித்த குதிகால், காற்றில் இங்கும் அங்கும் துழாவியது.

அவள் பாறையைத் தடவினாள். காலை வாங்கிப் பிடியில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அந்தப் பிடி எங்கே, எப்படிப்பட்டது என்று எழுதவில்லை. மேலும் தடவினாள், கை எட்டுகிறவரை தடவினாள், மழைத்தண்ணீர் வழிகிற வழுவழுப்பைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

"பிடி இருக்கா ஈசு?"

"இருக்கு."

கால் துழாவுவதை நிறுத்தியது. "எழுதுனதச் சொல்றியா, பாத்துச் சொல்றியா?"

"தொட்டுட்டு நிக்கிறேன். வைங்க."

அவள் மூலையில் முதுகை இறுக்கினாள், முழங்காலை மடக்காமல் பூட்டினாள், இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துத் தன் வலது தோளின் மேல் வைத்தாள். எலும்பு நொறுங்கும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். மெதுவாக, பயந்து பயந்து, அவன் கனம் முழுதும் இறங்கியது. ட்ரோனில் போன இட்லியையும் காற்றையும் தின்று இத்தனை நாள் இருந்தவனின் கனம், கோழி வந்து தோளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இவ்வளவுதானா மிச்சம் இருக்கிறாய் என்று நினைத்தாள். தோள் அசைந்துவிடும் என்பதால் அழக்கூட முடியவில்லை.

"இது கல்லு இல்லையே," என்றான் மேலிருந்து.

"பேசாம இன்னொரு காலையும் வைங்க மாமா," என்றாள்.